முட்டித் தண்ணீர்

பிப்ரவரி 3, செவ்வாய்

இந்த டைரியை மாவட்ட ஆபீசில் நடந்த சுற்றுலாப் பயிற்சியில் கொடுத்தார்கள். அட்டையில் ஓலைக்கூரை வேய்ந்த பெரிய படகுவீடு, சுற்றிலும் தென்னை. எந்த ஊரோ. எங்கள் கண்டல்துறை இல்லை. எங்கள் ஊரில் இருப்பது அலையாத்திக் காடு, சேறு, நாற்பது துடுப்புப் படகு, ஒரு டிக்கெட் அறை, தண்ணீர் இணைப்பு வராமல் பூட்டிக் கிடக்கும் கழிப்பறை. "தினமும் நாலு வரி எழுதுங்க, உங்க ஊர்ப் பிரச்சினை என்னன்னு உங்களுக்கே புரியும்" என்றார் பயிற்சி கொடுத்த அம்மா. எழுதாமலே எனக்குப் புரியும். இருந்தாலும் பக்கம் வெள்ளையாகக் கிடக்கிறதே என்று எழுதுகிறேன்.

முதல் பக்கத்தில் பெயர், பதவி கேட்டிருக்கிறது. பூமயில். செயலாளர், படகோட்டிகள் சங்கம். செயலாளர் என்றால் டிக்கெட் கிழிப்பேன், வந்தவர்கள் நனைத்துப் போட்டுவிட்டுப் போகும் மிதவைச் சட்டைகளைக் காயப்போடுவேன், சிப்ஸ் பாக்கெட் பொறுக்குவேன். எல்லாவற்றுக்கும் மேலே, முறை கூப்பிடுவேன்.

முறை என்பது எங்கள் ஊர் நியாயம். வரிசைப்படி ஒவ்வொரு படகுக்காரர் பெயராகக் கூப்பிடுவேன். கூப்பிட்டவர் அடுத்து நிற்கும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். கலெக்டரே வந்தாலும் யார் முறையோ அவர் படகுதான். மூன்று தடவை கூப்பிட்டும் ஆள் இல்லையென்றால் அடுத்த பெயர்.

எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். ஒரே ஒருவரை மட்டும் படகின் பெயரைச் சொல்லி, "காத்தாயி" என்று கூப்பிடுவேன். கட்டினவர் பெயரை ஊர் நடுவில் நின்று கூவ என்னால் ஆகாது. காத்தாயி ஒரு வருஷத்துக்கு மேலாகக் கரையில் கவிழ்ந்து கிடக்கிறது. தினமும் மூன்று தடவை கூப்பிடுகிறேன். பிறகு அடுத்த பெயர்.

பிப்ரவரி 5, வியாழன்

காலையில் மாவு அரைத்தேன். அவருக்கு மாத்திரை கொடுத்தேன். மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்.

"என் பேரை எடுத்துடு. வைரக்கண்ணுக்குக் குடு."

வைரக்கண்ணு எனக்குத் தம்பி முறை. குவைத்தில் பட்ட பாடு போதும் என்று திரும்பி வந்து, படகு கட்டி வைத்துக்கொண்டு நிற்கிறான். காடு தாங்காது என்று வனத்துறை நாற்பது படகுக்கு மேல் அனுமதிப்பதில்லை. அது சரிதான், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் நாற்பதில் ஒன்று சும்மா கிடக்கிறது. அது எங்கள் வீட்டுப் படகு. வைரக்கண்ணு வாயைத் திறந்து ஒரு தடவை கேட்டதில்லை. அவன் மனைவி செண்பகம் மட்டும் தண்ணீர்க் குழாயடியில் என்னைப் பார்த்தால் குடத்தைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள். வைக்கட்டும். அவள் இடத்தில் நான் இருந்தால் உடைத்தே இருப்பேன்.

"சங்கத்துச் சட்டம் தெரியாதா?" என்று அவரிடம் கேட்டேன். "முறை வேணாம்னா ஆளே துறைக்கு வந்து நின்னு சொல்லணும். பொண்டாட்டி சொன்னா செல்லாது."

"எந்தக் காலால நிக்கட்டும்?"

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். சட்டம் உள்ளதுதான், நான் உண்டாக்கவில்லை. குழம்பில் உப்பு கூடிவிட்டது.

பிப்ரவரி 8, ஞாயிறு

தஞ்சாவூர்ப் பெண் ஒருத்தி போன மாதம் வந்து வீடியோ எடுத்தாள். "யாருக்கும் தெரியாத சொர்க்கம்" என்று போட்டாள். இன்றைக்கு அந்த யாருக்கும் தெரியாத சொர்க்கத்துக்கு வந்த வண்டிகள் மெயின்ரோடு வரைக்கும் நின்றன.

ஊர் பிரபலமாகவில்லை என்று மூன்று வருஷம் அழுதோம். இப்போது ஆகிவிட்டது. பெண்கள் வந்து "கழிப்பறை எங்கேக்கா" என்று கேட்கும்போது எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு அனுப்பினேன். ஒருத்தி, இரண்டு பேர் அல்ல, சாயங்காலம் வரைக்கும் போனார்கள். அவர் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறவர், ஒவ்வொரு முறை ஆள் வரும்போதும் வேட்டியை இழுத்துக் காலை மூடிக்கொண்டே இருந்திருக்கிறார். எனக்கு அது தோன்றவே இல்லை. இனி அனுப்பமாட்டேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

சாய்தளம் முடிந்தது. சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் கரையிலிருந்து படகு வரைக்கும் தாங்களே உருட்டிக்கொண்டு போகலாம். இரண்டு பக்கமும் எவர்சில்வர் கைப்பிடி. ஊருக்கு ஒரு துறை, அரசாங்கத்துக்கு ஏகப்பட்ட துறை. அதில் ஒரு துறை மனது வைத்து எங்கள் துறைக்கு இதைக் கட்டிக் கொடுத்திருக்கிறது. ஏத்தத்தில், அதாவது தண்ணீர் ஏறி நிற்கும்போது பார்த்தோம். படகின் விளிம்பும் சிமெண்டும் ஒரே மட்டம். சங்கத் தலைவர் சிங்காரவேலு அண்ணன் தேங்காய் உடைத்தார்.

மத்தியானம் வத்தம். தண்ணீர் இறங்கியது. இறங்கிக்கொண்டே போனது. சாய்தளத்தின் முனையிலிருந்து படகு ஒரு முழத்துக்குக் கீழே போய்விட்டது. நெருங்கவும் முடியாமல் சேற்றில் தட்டி நின்றது. சிமெண்ட் பாட்டுக்கு அந்தரத்தில் நின்றது. காலுள்ளவர்கள் பக்கத்துப் பழைய படிக்கட்டில் இறங்கி, ஒற்றைப் பலகையில் நடந்து ஏறினார்கள், எப்போதும் போல.

இஞ்சினியர் தம்பிக்குப் போன் போட்டோம். ஒலிபெருக்கியில் வைத்தோம்.

"வத்தத்துல எவ்வளவு தண்ணி நிக்கும்னு கேட்டு வாங்கித்தானே சார் போட்டேன். முட்டித் தண்ணின்னு சொன்னாங்க. ஒன்றரை அடின்னு எடுத்துக்கிட்டேன்."

"எந்தப் பய சொன்னது?" என்று சிங்காரவேலு அண்ணன் எங்களைச் சுற்றிப் பார்த்தார்.

"யாரோ சொன்னாங்கண்ணே. இப்ப அதைத் தோண்டி என்னா ஆவப்போவுது" என்றேன்.

சொன்னவர் தப்பாகச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் முட்டித் தண்ணி என்றால், கால் சேற்றில் இறங்கி, அடியில் தரை தட்டி நிற்குமே, அங்கிருந்து முட்டி வரைக்கும். அதில் பெரும்பாதி சேறு. சேற்றுக்கு மேலே பார்த்தால் ஒரு சாண் தண்ணீர்தான் இருக்கும். இந்த ஊரில் யாரும் சேற்றைக் கழித்துச் சொல்வதில்லை, கழிக்க வேண்டும் என்றே யாருக்கும் தெரியாது. இஞ்சினியர் தம்பி சேற்றின் மேல்மட்டத்திலிருந்து முட்டியை அளந்துவிட்டது.

இருபத்துநாலாம் தேதி ஆய்வுக்குழு வருகிறது. "எல்லாரும் வந்துபோகத் தகுந்த இடம்" என்ற பட்டியலில் சேர்த்தால் கழிப்பறைக்குத் தண்ணீர் வரும், துறையில் மிதக்கும் மேடை வரும். சேர்க்காவிட்டால் இந்த சிமெண்டோடு சரி.

பிப்ரவரி 12, வியாழன்

டவுனில் ஒரு நண்பர்கள் குழு சக்கர நாற்காலி ஒன்று கொடுத்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். பிளாஸ்டிக் உறையோடு டிக்கெட் அறையில் நிற்கிறது. உப்புக்காற்றுக்கு இரும்பு என்ன ஆகும் என்று பார்க்கத்தான் போகிறோம்.

பிப்ரவரி 15, ஞாயிறு

மோட்டார் படகு ஏன் இல்லை என்று பதினைந்து பேராவது கேட்டிருப்பார்கள். மோட்டார் போட்டால் அலை அடித்து வேரடிச் சேற்றை இழுத்துவிடும், வேர் போனால் காடு போகும், காடு போனால் நீங்கள் எதைப் பார்க்க வருவீர்கள் என்று பொறுமையாகச் சொன்னேன். பதினாறாவது ஆளிடம் பொறுமை போய்விட்டது. "அவசரம்னா பஸ் ஸ்டாண்டுக்குப் போங்க" என்றேன். இன்டர்நெட்டில் எனக்கு எதிராக ஒரே ஒரு ஸ்டார் போட்டிருப்பதாக வைரக்கண்ணு சொன்னான். ஒன்றாவது போட்டாரே.

அவருக்குக் காலை வெந்நீரால் துடைத்துப் பஞ்சு வைத்துக் கட்டினேன். முதலில் சிப்பி ஓடு கிழித்த சின்னக் காயம்தான் அது. சர்க்கரை இருந்ததால் முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த கட்டைக்கால் உரசிப் புண்ணாக்குகிறது என்று பரணில் போட்டுவிட்டார்.

போன வருஷம் சங்கத்து ஆட்கள் நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். தூக்கிக்கொண்டு போய்ப் படகில் வைத்துவிடுகிறோம், உட்கார்ந்துதானே துடுப்புப் போடுகிறது என்றார்கள். நியாயமான பேச்சு. இவர் சொம்பை எடுத்து எறிந்தார். "நாலு பேரு வந்து தூக்குறதுக்கு நான் என்னா செத்தா போயிட்டேன்?" அதோடு யாரும் வருவதில்லை. வீம்பு பிடித்த மனுஷன் என்றுதான் நானும் அன்றைக்கு நினைத்தேன். அன்றைக்கு என்ன, போன ஞாயிறு அவர் வேட்டியை இழுத்துக் காலை மூடிய கதை தெரிகிற வரைக்கும்.

பிப்ரவரி 19, வியாழன்

வேலை. எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

குழு பத்து மணிக்குமேல் வரும் என்றார்கள். ஒன்பதுக்கே வந்துவிட்டது. நல்ல வத்தம். பெரிய ஆபீசர்கள் மூன்று பேர், கூட ஒரு அம்மா. இளவரசி என்று பெயர். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதம், சக்கர நாற்காலி. தானே உருட்டிக்கொண்டு வந்தார். சாய்தளத்தில் இறங்கி, முனைவரைக்கும் போய், கீழே எட்டிப் பார்த்தார். ஒரு முழம் கீழே, எட்டாத தூரத்தில் படகு.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

எங்கள் ஆட்கள் நல்லவர்கள், ஆனால் யோசிக்கமாட்டார்கள். நாலு பேர் சட்டென்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். "அப்படியே அலாக்கா தூக்கி வச்சிடுறோம்மா, பூ மாதிரி."

"தொடாதீங்க" என்றார் அந்த அம்மா. சத்தம் போடவில்லை. "கோவிச்சுக்காதீங்கண்ணே. தூக்குறதா இருந்தா இந்த சிமெண்ட் எதுக்கு? தண்ணி எப்ப ஏறும்?"

"மத்தியானம் ஒரு மணி ஆவும்மா" என்றான் வைரக்கண்ணு.

"காத்திருக்கேன்."

ஆபீசர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். அடுத்த ஊர் ஆய்வு இருக்கிறது என்றார்கள். "நீங்க போய்ட்டு வாங்க சார்" என்று சொல்லிவிட்டுத் தகரக் கொட்டகை நிழலில் நாற்காலியைத் திருப்பி நிறுத்திக்கொண்டார். நாலு மணி நேரம். நான் பக்கத்தில் உட்கார்ந்து டிக்கெட் கிழித்தேன், முறை கூப்பிட்டேன். காத்தாயி என்று மூன்று தடவை கூப்பிட்டு நிறுத்தியபோது, "அவங்க வரலையா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம். உடம்பு சரியில்ல."

மத்தியானம் எங்கள் வீட்டிலிருந்து மடவை மீன் குழம்பும் சோறும் கொண்டுவந்து கொடுத்தேன். முள்ளை அழகாக எடுத்துச் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே, "இந்த ஊர்லயே என்னை மாதிரி நடக்க முடியாதவங்க யாராவது இருக்காங்களா? அவங்க இதை எப்படிப் பயன்படுத்துறாங்கன்னு கேக்கணும்" என்றார்.

"இல்ல மேடம். யாருமில்ல" என்றேன்.

கொட்டகையில் நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்டது. வைரக்கண்ணு மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். எங்கள் வீட்டுக் கூரை அங்கிருந்து தெரியும். ஏன் அப்படிச் சொன்னேன்? வாயில் வந்துவிட்டது. இதற்குமேல் இதைப் பற்றி எழுதப்போவதில்லை.

ஒரு மணிக்குத் தண்ணீர் மட்டத்துக்கு வந்தது. அந்த அம்மா உருட்டிக்கொண்டு போய், கையை ஊன்றிப் படகுக்குள் தானே நகர்ந்து உட்கார்ந்தார். யாரும் தொடவில்லை. சுற்றிவந்து இறங்கியபோது முகம் சின்னப்பிள்ளை முகமாக இருந்தது. "காடு ரொம்ப நல்லா இருக்கு. ஆனா உள்ளதைத்தான் எழுதுவேன், பூமயில்" என்றார். எழுதட்டும். பொய் எழுதி எங்களுக்கு என்ன ஆகப்போகிறது.

பிப்ரவரி 25, புதன்

இரவுச் சாப்பாட்டின்போது அவர் கேட்டார்.

"அந்தம்மா தண்ணி ஏறுற வரைக்கும் ஒக்காந்தே இருந்துச்சாமே?"

"யாரு சொன்னா?"

"வைரக்கண்ணு."

"ஆமா."

"யாரையும் தொட வுடலியாம்."

"ஆமா."

"என்னா சாப்புட்டுச்சு?"

"நம்ம வீட்டுக் கொழம்புதான்."

"ம்" என்றார். தட்டில் கை கழுவினார். நான் வேறு ஏதாவது கேட்பார் என்று பாத்திரத்தைத் தேய்க்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். கேட்கவில்லை. வைரக்கண்ணு எல்லாவற்றையும் சொன்னானா, நான் சொன்ன பதிலையும் சேர்த்துச் சொன்னானா, தெரியவில்லை.

மார்ச் 1, ஞாயிறு

டிக்கெட் அறையில் சக்கர நாற்காலியின் அச்சில் உப்புப் பூத்துவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தேன். பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டேன். ஓரமாக நிற்கட்டும், காய்ந்ததும் கொண்டுபோகலாம்.

மார்ச் 3, செவ்வாய்

நாற்காலியைக் கொண்டுபோக மறந்துவிட்டது.

மார்ச் 6, வெள்ளி

இன்றைக்கும் மறந்துவிட்டது. வேலை அப்படி.

மார்ச் 9, திங்கள்

சாயங்காலம் வந்து பார்த்தால், காலையில் வாசலில் போட்ட கோலத்தின் மேல் இரண்டு சக்கரத் தடம். வாசலைத் தாண்டி, தெருவில் வேப்பமரம் வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறது. நாற்காலி வைத்த இடத்தில் வைத்தபடி நிற்கிறது. அவர் பேப்பரை விரித்துப் படித்துக்கொண்டிருந்தார், அதுவும் முந்தாநாள் பேப்பர். நான் கேட்கவில்லை. தடத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு உள்ளே போனேன்.

மார்ச் 13, வெள்ளி

துறைக்குப் போகும் வழியில் பார்த்தேன். வைரக்கண்ணு காத்தாயியை நிமிர்த்திப் போட்டு, பலகை இடுக்கில் பஞ்சு அடைத்துக் கீல் பூசிக்கொண்டிருக்கிறான்.

"என்னாடா இது?"

"மாமா பூசச் சொன்னாங்கக்கா."

"எதுக்கு?"

"பூசச் சொன்னாங்க. எதுக்குன்னு சொல்லல."

எனக்குத் தெரியாதா. படகை விற்கிறவர்கள்தான் முதலில் கீல் பூசுவார்கள். பிறகு துறைக்கு வந்து பெயரை எடுக்கச் சொல்லுவார். நின்று சொல்ல வேண்டும் என்று நான்தானே சொன்னேன். நாற்காலியையும் நானே கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன். புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

செண்பகம் குழாயடியில் இன்றைக்குக் குடத்தை மெதுவாக வைத்தாள். சத்தமாக வைத்திருந்தால் தேவலை.

மார்ச் 18, புதன்

பட்டியல் வந்துவிட்டது. கண்டல்துறை இல்லை. "தண்ணீர் ஏறும் நேரத்தில் மட்டுமே அனைவரும் அணுகக்கூடியது" என்று ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். உள்ள வார்த்தை. அந்த அம்மாவிடம் எனக்குக் கோபமில்லை. மிதக்கும் மேடை இரண்டாம் கட்டத்தில் பார்க்கலாமாம். இரண்டாம் கட்டம் என்பது எந்தக் காலத்தில் வரும் என்று சிங்காரவேலு அண்ணன் கேட்டார், யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை, காற்றைப் பார்த்துத்தான் கேட்டார்.

அசதியாக இருக்கிறது. இந்த ஊரை நல்லபடியாக வைத்திருக்கவும் வேண்டும், நாலு பேருக்குத் தெரியவும் வேண்டும், வந்தவர்கள் எல்லாரும் ஏறி இறங்கவும் வேண்டும். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவுகிறது. எனக்கு இருப்பது இரண்டு கை.

பூட்டின கழிப்பறைக்கு இன்னொரு பூட்டு வாங்க வேண்டும். பழையது துருப்பிடித்துவிட்டது.

மார்ச் 20, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் நல்ல ஏத்தம். கொட்டகையில் மன்னார்குடியிலிருந்து வந்த ஒரு குடும்பம் நின்றது, நாலு பேர். முறைப்படி கூப்பிட்டுக்கொண்டு வந்தேன். காத்தாயி வந்தது. வழக்கம்போல, "காத்தாயி" என்றேன்.

"அது படகு பேரு" என்று முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

திரும்பினேன். நாற்காலியில் அவர். சலவைச் சட்டை, நெற்றியில் திருநீறு. தெரு முழுக்கத் தானே உருட்டிக்கொண்டு வந்திருக்கிறார், கழுத்தெல்லாம் வேர்வை. அவருக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி வைரக்கண்ணு. சிங்காரவேலு அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

பெயரை எடுக்கச் சொல்லத்தான் வந்துவிட்டார். நான் மறுபடி, "காத்தாயி" என்றேன்.

"சங்கத்துச் சட்டம் தெரியாதா?" என்றார். "முறைன்னா ஆளு பேரைச் சொல்லிக் கூப்புடணும். படகு பேரைச் சொன்னா செல்லாது."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். "ஆமா தங்கச்சி, சட்டம் அப்புடித்தான்" என்று சிங்காரவேலு அண்ணன் வேறு எடுத்துக் கொடுத்தார். எனக்குக் காது வரைக்கும் சுட்டது. வெட்கம் பாதிதான். கூப்பிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார், அதோடு முடிந்துவிடும் என்ற பயம் மீதி. கூப்பிடாமல் இருந்தால் இன்னும் ஒரு நாள் தள்ளலாம். ஆனால் மூன்றாவது கூப்பாடு பாக்கி இருந்தது, அடுத்த பெயருக்குப் போக அவர் விடமாட்டார்.

கூப்பிட்டேன். பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டேன். இங்கே எழுதமாட்டேன்.

"இருக்கேன்" என்றார்.

அவ்வளவுதான். வேறொன்றும் சொல்லவில்லை. நாற்காலியைத் திருப்பிச் சாய்தளத்தில் விட்டார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். காத்தாயி அங்கே நீரில் நின்றது, ராத்திரியே கொண்டுவந்து கட்டியிருக்கிறார்கள், எனக்கு மட்டும் தெரியாது. வைரக்கண்ணு ஒரு கையை நீட்டினான், பிறகு ஞாபகம் வந்து இழுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அவர் விளிம்பில் கையை ஊன்றி நகர்ந்து உள்ளே உட்கார்ந்தார். துடுப்பை எடுத்து ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

மன்னார்குடி அம்மா காலைப் பார்த்துவிட்டு, "இவங்களா ஓட்டப் போறாங்க?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"துடுப்பைக் கையாலதாம்மா போடுறது" என்று அவரே பதில் சொன்னார். ஏறிக்கொண்டார்கள். போனார்கள். காட்டு வாய்க்காலுக்குள் திரும்பி மறைகிறவரைக்கும் முறை கூப்பிடாமல் நின்றிருக்கிறேன். கொட்டகையில் இருந்தவர்கள் சத்தம் போட்ட பிறகுதான் தெரிந்தது.

இந்தக் கலவரத்தில் ஒன்றை எழுத மறந்துவிட்டேன். அவர் வத்தத்தில் சாய்தளத்தைப் பார்த்ததே இல்லை, கேள்விப்பட்டதோடு சரி.

கூட்டிப்போனவர்களுக்குக் காடு முழுக்கக் காட்டியிருக்கிறார். நீர்நாய் காட்டியிருக்கிறார். திரும்பி வர மத்தியானம் தாண்டிவிட்டது. தண்ணீர் போய்விட்டது. சிமெண்ட் முனை மேலே, படகு கீழே, நடுவில் சேறு. மன்னார்குடிக்காரர்கள் பலகையில் நடந்து இறங்கி, "சூப்பரா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒற்றைக் காலோடு அந்தப் பலகையில் வர முடியாது. எங்கள் ஆட்கள் கரையில் நின்றார்கள். ஒருத்தர்கூட வேட்டியை மடித்துக் கட்டவில்லை. அதற்காக அவர்களை நான் மறக்கமாட்டேன்.

"எப்ப ஏறும்?" என்று அவர் கேட்கவில்லை, அவருக்கே தெரியும். "சாயங்காலம் வந்துடுறேன்" என்று சொல்லிப் படகிலேயே சாய்ந்துகொண்டார்.

டிக்கெட் அறைச் சாவியை வைரக்கண்ணிடம் கொடுத்தேன். வீட்டுக்குப் போய்ச் சோறும் குழம்பும் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு, மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன். பலகையில் போயிருக்கலாம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேராக இறங்கிவிட்டேன். கால் சேற்றுக்குள் போய், போய், அடியில் தரை தட்டி நின்றது. குனிந்து பார்த்தேன். சரியாக முட்டி வரைக்கும் இருந்தது.

படகில் ஏறி உட்கார்ந்தேன். சாப்பிட்டார். பாதிச் சாப்பாட்டில் அந்தரத்தில் நின்ற சிமெண்டை அண்ணாந்து பார்த்தார்.

"எவன் இஞ்சினியருக்கு அளவு சொன்னவன்?"

"நீங்கதான்."

"நானா?"

"போன ஆவணியில ஒரு நாளு கேட்டேன்ல, வத்தத்துல துறையில எவ்வளவு தண்ணி நிக்கும்னு. முட்டித் தண்ணின்னீங்க. அதைத்தான் போய்ச் சொன்னேன்."

அந்த நாளை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அத்தனை மாதத்தில் தண்ணீரைப் பற்றி அவர் பேசிய முதல் பேச்சு அது. எனக்கு இருந்த சந்தோஷத்தில் அடியில் சேறு உண்டு என்பதெல்லாம் தோன்றவில்லை. அப்படியே ஓடிப்போய் இஞ்சினியர் தம்பியிடம் சொன்னேன்.

அவர் சிமெண்டைப் பார்த்தார். கீழே தன் காலைப் பார்த்தார், முட்டியோடு நிற்கும் அந்தக் காலை. "என் முட்டிய நம்பியா சிமெண்டு போட்டான்" என்றார். சிரிக்க ஆரம்பித்தார். கையில் சோற்றோடு சிரித்தார், படகு ஆடியது, குழம்பு என் சேலையில் கொட்டியது. கரையில் நின்றவர்கள் என்ன என்று கேட்டார்கள். நான் சொல்லவில்லை. அழுதேன், அது கரைக்குத் தெரிந்திருக்காது.

பிறகு வைரக்கண்ணைக் கூப்பிட்டார். "தண்ணி ஏறியிருந்தா என் முறைடா. வத்திடுச்சுன்னா அது உன் முறை. ஒரு பேருல ரெண்டு பேரும் ஓட்டுவோம். அண்ணன்கிட்ட சொல்லிடு."

"அப்புடிச் சட்டம் இல்லியே" என்றார் கரையிலிருந்து சிங்காரவேலு அண்ணன்.

"இவளைக் கேளுங்க. எழுதுறவ இவதான."

எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கை தூக்கச் சொல்ல வேண்டும். வனத்துறையிடமும் பேச வேண்டும், அங்கே யார் என்ன சொல்லப்போகிறார்களோ.

ஆறு மணிக்குத் தண்ணீர் மட்டத்துக்கு வந்தது. நாற்காலியை முனைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். தானே ஏறிக்கொண்டார். வரும் வழியில், "அந்தம்மா கேட்டதுக்கு ஊர்ல யாருமில்லன்னியாமே" என்றார்.

"ஆமா. சொல்லிட்டேன்."

"அடுத்த தடவ வந்தா இருக்காருன்னு சொல்லு."

சரி என்றேன். இப்போது அவர் தூங்குகிறார். தோள் வலிக்கிறது என்று தைலம் கேட்டார், தேய்த்துவிட்டேன். மிதவைச் சட்டைகளைக் காயப்போட மறந்துவிட்டேன், நாளைக்கு நாறும். நாளைக்கும் காலையில் ஏத்தம், அவர் முறை வரும். அதற்குள் அந்தப் பெயரைத் தடுமாறாமல் கூப்பிடப் பழகிக்கொள்ள வேண்டும்.